உஷார்! கையெழுத்துப் போடும் முன் மூச்சை அளந்து வையுங்கள்

இப்படித்தான் தொடங்கும்.

பின்னேரம் ஐந்து மணி இருக்கும். கரையில் வலையைப் பரப்பி அறுந்த இடத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் பொடியனுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். வந்தவர் அந்நியர் இல்லை. கோயில் திருநாளிலும் கலியாண வீட்டிலும் பார்த்துப் பழகிய முகம்.

"தம்பி, நாலைஞ்சு பொடியள் வேணும். பெரிய வேலை ஒண்டும் இல்லை, மண்ணோட நிக்கிற வேலைதான். அண்டண்டைக்குக் காசு. அடையாள அட்டைக் கொப்பி ஒண்டு மட்டும் தந்தாச் சரி."

ஒரு தாளை நீட்டுவார். மேலே ஆங்கிலத்தில் ஏதோ அச்சடித்திருக்கும். அடியில் பென்சிலால் ஒரு புள்ளடி. அந்த இடத்தில் கையெழுத்து.

ஓலைத்தொடுவாய்ப் பிள்ளைகளே, அந்தப் புள்ளடியில் உஷார்!

ஓலைத்தொடுவாய் இருக்கும் மன்னார்த் தீவின் கரையில் பல இடங்களில் கையால் ஒரு முழம் தோண்டினால் போதும். வெளிறிய மணலுக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு ஓடும். உள்ளங்கையில் அள்ளினால் மற்ற மணலைவிடக் கனக்கும். தண்ணீரில் அலசினால் வெள்ளை மணல் ஓடிவிடும், கறுப்பு அடியில் தங்கும். இல்மனைட் முதலான கனிமங்கள் அவை. உலகம் முழுக்கப் பெயின்ற், பிளாஸ்டிக், கடதாசி என்று எல்லாவற்றுக்கும் வெண்மை கொடுக்கும் டைட்டானியம் டை ஒக்சைட் அதிலிருந்துதான் வருகிறது. அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான டைட்டானியம் சாண்ட்ஸ் லிமிட்டெட் என்ற கம்பனி தீவின் பல இடங்களில் துளையிட்டுப் பார்த்து, 30 கோடித் தொன்னுக்கு மேற்பட்ட கனிய மணற்படுகை இருப்பதாகத் தன் முதலீட்டாளர்களுக்கு அறிவித்திருக்கிறது.

எங்கள் சனம் சும்மா இருக்கவில்லை. 2025 ஓகஸ்டில் மன்னார் நகரில் தொடங்கிய போராட்டம் காற்றாலையையும் கனிய மணல் அகழ்வையும் சேர்த்தே எதிர்த்தது. செப்டெம்பர் கடைசியில் மாவட்டமே கடையடைத்தது. கிணற்று நன்னீர் உவராகும், மாரி வெள்ளம் வடியாது, கரை கடலுக்குப் போகும் என்று மக்கள் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றும் நியாயமானவை. அகழ்வே வேண்டாம் என்ற அந்தக் குரலோடுதான் நானும் நிற்கிறேன்.

ஆனாலும் ஒரு சொல் அந்தக் குரலுக்குள்ளேயே விரிசல் போடப் பார்க்கிறது. "வேலை வருமே!" வீட்டுக்கு வீடு வேலையில்லாப் பிள்ளைகள் இருக்கும்போது இந்தச் சொல்லுக்குப் பதில் சொல்வது லேசில்லை. தண்ணீரைப் பற்றி ஊர் கேட்கிறது, கரையைப் பற்றிக் கேட்கிறது. அந்த வேலைக்குப் போகும் பிள்ளையின் உடம்பு என்னாகும் என்ற கேள்வியை இன்னும் உரக்கக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நோய்க்கு இருபது வருடம், ஒப்பந்தத்துக்கு மூன்று மாதம்

சுரங்க வேலை ஆபத்து என்றால் மண் சரிவதும் இயந்திரம் மோதுவதும்தான் கண்முன் வரும். அவை உண்மை. ஒரு கன மீற்றர் மணல் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் கனக்கும். குழியின் ஓரம் சரிந்து நெஞ்சளவு மூடினாலே போதும். முகம் வெளியே இருந்தாலும் மூச்சு இழுக்க நெஞ்சு விரியாது. பின்னோக்கி வரும் லொறியும், மண் அள்ளும் இயந்திரமும், சேறு நிறைந்த குளமும் ஆளைக் கொல்லும்.

அதைவிட மோசமானது சத்தமில்லாமல் வரும். சோளகக் காற்றில் முகத்தில் அடிக்கும் மணலைக் கண்டு பயப்படத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியும் மணல் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், துப்பிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத தூள்தான் நுரையீரலின் அடிவரை போய் உட்காரும். அது படிகச் சிலிக்காத் தூள் என்றால் உடம்பால் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. அதைச் சுற்றி நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பாகி இறுகும். இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

ஈர மணலை அள்ளித் தண்ணீரோடு சுழற்றிப் பிரிக்கும் இடத்தில் தூள் குறைவு. அதே மணலைக் காயவைத்து, சூடாக்கி, காந்தத்தாலும் மின்னாலும் பிரிக்கும் கூடத்தில்தான் தூள் கிளம்பும். மூட்டை கட்டும் இடம், லொறியில் ஏற்றும் இடம், தரை கூட்டும் இடம் என்று அது பரவும். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இடங்கள்தான். இயந்திரம் ஓட்டவும் ஆய்வுகூடத்தில் இருக்கவும் படித்த ஆட்கள் வெளியிலிருந்து வருவார்கள். விளக்குமாறும் சவளும் எங்களுக்கு. துவாயை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தூள் துணியின் இழைக்குள்ளால் தாராளமாகப் போகும்.

இன்னொரு விஷயத்தையும் நிதானமாகச் சொல்ல வேண்டும். கடற்கரைக் கனிய மணலில் பல இடங்களில் மொனசைட் கலந்திருக்கும். அதில் தோரியம் உண்டு, கதிர்வீச்சு உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் 1909-இலேயே மொனசைட் கண்டறியப்பட்டது. இதைக் கேட்டதும் கரையில் வாழ்ந்தாலே புற்றுநோய் வரும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த கரையோர மக்களை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியான ஆய்வு, அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. ஆகவே பொய்ப் பயம் வேண்டாம். ஆனால் மணலோடு மணலாகக் கரையில் கிடக்கும் மொனசைட் வேறு, உலர்த்திச் செறிவாக்கிய மொனசைட்டின் தூளை மூடிய கூடத்துக்குள் நாள்தோறும் சுவாசிப்பது வேறு. இரண்டாவதற்குக் கதிர்வீச்சு அளவி வேண்டும், ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் பதிவு வேண்டும். அவை இருக்கின்றனவா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது கணக்கைப் பாருங்கள். சிலிக்கோசிஸ் வழக்கமாகப் பத்து, இருபது வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். ஒப்பந்தமோ மூன்று மாதம், ஆறு மாதம். கம்பனி வந்து போகும், பெயர் மாற்றும், பங்கை விற்கும். இன்று இருபத்திரண்டு வயதில் கையெழுத்துப் போடும் பிள்ளைக்கு நாற்பதில் மூச்சு முட்டும்போது யாரிடம் போய்க் கேட்பது?

ஒழுங்கு இப்படித்தான் அமைக்கப்படுகிறது. மேலே வெளிநாட்டுக் கம்பனி. அதன் கீழே இங்கே பதிந்த கம்பனி. அதன் கீழே கொந்தராத்துக்காரர். அவருக்குக் கீழே மேன்பவர் ஏஜென்சி. அடியில் மோட்டார் சைக்கிளில் வந்த தெரிந்த முகம். விபத்து என்று வந்தால் ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் கைகாட்டும். கடைசிப் படியில் நிற்பவர் உங்களுக்கு மாமா முறை. அவரை எப்படி நீதிமன்றத்துக்கு இழுப்பீர்கள்?

மண்ணில் கிடக்கும் தூளை அடக்க வழி இருக்கிறது. தண்ணீர் தெளிக்கலாம், உறிஞ்சும் காற்றாடி வைக்கலாம், தரமான முகக்கவசம் கொடுக்கலாம். யார் பொறுப்பு என்றே தெரியாத ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் இதில் ஒன்றும் நடக்காது. கொல்வது அந்த ஒப்பந்தம்தான்.

எங்கள் சனத்துக்கு ஏற்கெனவே நடந்தது

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது. அதைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து போனவர்கள், அவர்களிலும் பெரும்பகுதி நிலமில்லாத தலித் குடும்பங்கள். 1880-களிலிருந்து ஜோன் ரெய்லர் அன் சன்ஸ் என்ற லண்டன் கம்பனியின் கீழ் அவர்கள் பாறைக்குள் இறங்கினார்கள். மூன்று கிலோமீற்றருக்கும் கீழே போன சுரங்கம் அது. 1940-களில் அங்கே 7,653 தொழிலாளரைப் பரிசோதித்தபோது 43.7 சதவீதம் பேருக்குச் சிலிக்கோசிஸ் இருந்தது. நூறு பேரில் நாற்பத்துமூன்று பேர்! மைசூர் அரசு அதை நட்டஈட்டுக்குரிய நோயாக ஏற்று விதி கொண்டுவந்தது 1940-இல். அதற்குள் சுரங்கத்துக்கு அறுபது வயது. அந்த அறுபது வருடமும் இருமிச் செத்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போய்விட்டது, சயனைட் கழிவு மேடுகள் ஊருக்கு நடுவே நிற்கின்றன. காற்றடிக்கும் காலத்தில் அந்தத் தூள் இன்றும் வீடுகளுக்குள் வருகிறது.

அதே தங்கவயலில் 1930-இல் ஒன்று நடந்தது. எல்லாத் தொழிலாளரும் விரல் ரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர்கள், தங்களுக்கு விளங்காத தாளில் தங்கள் உடம்பின் அடையாளத்தை வைக்க மறுத்தார்கள். படித்த எங்கள் பிள்ளைகள் அதைவிட லேசாகக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். மேற்கு வேர்ஜீனியாவில் 1930, 31-இல் ஹோக்ஸ் நெஸ்ற் என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுரங்கப் பாதை போட்டார்கள். பாறை முழுக்கச் சிலிக்கா. வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த ஏழைக் கறுப்பின மக்களே பெரும்பாலான தொழிலாளர். தண்ணீர் விட்டுத் துளையிட்டால் தூள் அடங்கும், ஆனால் வேலை தாமதமாகும் என்று உலர்வாகவே துளைத்தார்கள். பார்வையிட வந்த மேலதிகாரிகள் முகக்கவசம் போட்டிருந்ததாகவும் உள்ளே நின்றவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை என்றும் பின்னால் சாட்சியம் வந்தது. பலர் சில மாதங்களே வேலை செய்தவர்கள். அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில் வந்த கணக்கு 476 மரணம். பின்னாளில் மார்ட்டின் செர்னியக் என்ற மருத்துவர் கணக்கிட்டபோது அது 700-ஐத் தாண்டியது. முகக்கவசம் யாருக்கு, யாருக்கு இல்லை என்பதை அங்கே தீர்மானித்தது பாறை இல்லை.

தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் லெசோத்தோவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவந்தன. நுரையீரல் கெட்டதும் ஊருக்குத் திருப்பி அனுப்பின. சாவு கணக்குப் புத்தகத்துக்கு வெளியே, மலைக் கிராமத்துக் குடிசையில் நடந்தது. அவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டு, 2019-இல்தான் நீதிமன்றம் ஒரு நட்டஈட்டு உடன்பாட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதற்குள் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போயிருந்தார்கள்.

கொஞ்சம் கிட்டத்தில் வாருங்கள். ராஜஸ்தான் கல் குவாரிகளில் வேலை செய்தவர்களுக்கு நெடுங்காலம் காசநோய் என்றே மருந்து கொடுத்தார்கள். இரண்டு நோயிலும் இருமல், மெலிவு, நெஞ்சு எக்ஸ்றேயில் நிழல். சிலிக்கோசிஸ் வந்த நுரையீரலில் காசநோயும் எளிதாகத் தொற்றும். "காசநோய்" என்று எழுதிவிட்டால் அது நோயாளியின் விதி; "சிலிக்கோசிஸ்" என்று எழுதினால் அது முதலாளியின் பொறுப்பு. அந்த மாநிலம் 2019-இல் தனிக் கொள்கை கொண்டுவந்த பிறகே பலரின் நோய்க்குச் சரியான பெயர் கிடைத்தது.

தமிழ்நாட்டில் 2013-இல் கடற்கரை மணல் அகழ்வுக்கே தடை போட வேண்டிய நிலை வந்தது. சட்டவிரோத அகழ்வை சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2025 பெப்ரவரியில். கண்ணுக்கு முன்னால் மலைபோல் போன மணலுக்கே கணக்கு எடுக்கப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கண்ணுக்குத் தெரியாமல் போன மூச்சுக்கு யார் கணக்கு எடுப்பார்?

ஏன் மறுக்க முடியாமல் போகிறது?

"ஆபத்தான வேலை என்றால் போகாமல் இருக்கலாமே" என்று சிலர் லேசாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்கள் வாடிக்கு வந்து ஒருநாள் இருந்து பார்க்க வேண்டும்.

2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே அடியாக 340 ரூபாயானது. மண்ணெண்ணெய்யில் ஓடும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேர் படகைக் கரையில் ஏற்றிவிட்டுக் கடலைப் பார்த்தபடி இருந்தோம்! இழுவைப் படகுகள் வந்த இரவின் மறுநாள் விடியலில் அறுந்த வலைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணைமாரைக் கண்டிருக்கிறோம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரருக்கு முகங்கொடுக்கும் அக்காமாரைக் கண்டிருக்கிறோம். போரில் வீட்டு ஆம்பிளையை இழந்த குடும்பங்கள் இன்னும் நிமிரவில்லை.

கடன் கழுத்தை நெரிக்கும்போது ஒருவன் தூளைப் பார்க்கமாட்டான், குழியின் ஓரத்தைப் பார்க்கமாட்டான். சனிக்கிழமைக் காசைத்தான் பார்ப்பான். காய்ச்சலோடும் வேலைக்குப் போவான். "ட்ரிப்புக்கு இவ்வளவு" என்று கூலி பேசினால் லொறிச் சாரதி நித்திரை முழித்து இன்னும் ஒரு ட்ரிப் ஓடுவான். "தொன்னுக்கு இவ்வளவு" என்றால் மண் சரியும் இடத்திலும் சவள் போடுவான். பன்னிரண்டு மணி நேர வேலை என்றால் கடைசி மூன்று மணி நேரம் கண் இருக்கும், கவனம் இருக்காது. அவசரத்தைக் கூலியிலேயே கலந்துவைத்துவிட்டு, விபத்து நடந்ததும் "தொழிலாளியின் கவனயீனம்" என்று எழுதுவார்கள்.

பங்கு முறை என்றும் ஒன்று இருக்கிறது. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் பலருக்குச் சம்பளம் இல்லை. கல் கிடைத்தால் பங்கு. கேட்க நன்றாக இருக்கும். பெயருக்குக் கூட்டாளி ஆகிவிட்டால் முதலாளி என்று ஒருவர் இல்லை, சேமலாப நிதியும் இல்லை, குழி இடிந்தால் கேட்க ஆளும் இல்லை. "நீங்களும் இதில் ஒரு பங்காளி" என்று யாராவது சொன்னால் அங்கேயும் உஷார்!

இந்த அடையாளங்களைக் கண்டால் உஷார்!

ஒன்று: வேலைக் கடிதம் தமிழில் இல்லை, அல்லது உங்களுக்கு ஒரு பிரதி தரமாட்டார்கள்.

இரண்டு: கடிதத்தில் உள்ள கம்பனியின் பெயர் ஒன்று, சம்பளம் தருபவர் வேறு, வேலை ஏவுபவர் இன்னொருவர்.

மூன்று: காசு கையில் வரும், சம்பளச் சீட்டு வராது.

நான்கு: வேலையில் சேரும்போது எக்ஸ்றே, மூச்சுப் பரிசோதனை எதுவும் இல்லை; அல்லது செய்துவிட்டு அறிக்கையைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள்.

ஐந்து: மேலதிகாரி வரும் நாளில் மட்டும் தண்ணீர் தெளிக்கிறார்கள், முகக்கவசம் கொடுக்கிறார்கள்.

ஆறு: அடிபட்டவரை அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் கையில் கொஞ்சக் காசு கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

ஏழு: "இதை வெளியே கதைக்க வேண்டாம்" என்று சொல்கிறார்கள்.

இதில் இரண்டு இருந்தாலே அந்த வேலை உங்களை விழுங்க வந்த வேலை.

கையில் வைத்திருக்க வேண்டியவை

முதலில் மூச்சு. எந்தத் தூள் வேலைக்குப் போகும் முன்னும் நெஞ்சு எக்ஸ்றேயும், குழாய்க்குள் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையும் செய்யக் கேளுங்கள். அறிக்கையில் திகதி, பெயர், வேலை மூன்றும் இருக்கட்டும். வீட்டில் அம்மாவின் பெட்டிக்குள் உறுதிப் பத்திரத்தோடு வையுங்கள். வருடம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். இருபது வருடம் கழித்து "இந்த நோய் முதலே இருந்தது" என்று ஒருவர் சொல்லும்போது அதற்குப் பதில் அந்தத் தாள் மட்டும்தான்.

அடுத்தது சம்பளச் சீட்டு. 1958-இன் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் போக வேண்டும். 1980-இன் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம் கட்ட வேண்டும். இதை முதுமைக்கான சேமிப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள். இன்னாரிடம், இத்தனை மாதம் நான் வேலை செய்தேன் என்பதற்கு அரசின் புத்தகத்தில் இருக்கும் சாட்சி அது. 1934-இன் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்துக்கு மட்டுமல்லாமல் தொழிலால் வரும் நோய்க்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் சாட்சி இல்லாத ஆளுக்குச் சட்டம் வெறும் கடதாசி.

ஒரு குறிப்புப் புத்தகம் வாங்குங்கள். எந்த நாள், எத்தனை மணி நேரம், எந்த இடம், யார் ஏவியது, கூட யார் நின்றது என்று இரண்டு வரி எழுதுங்கள். விபத்து நடந்தால் அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போய் "வேலையிடத்தில் நடந்தது" என்று சொல்லி எழுதுவியுங்கள். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுங்கள், கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். அகழ்வு அனுமதி என்றால் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம். அது 1992-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. எந்த நிபந்தனையில் அனுமதி என்று எழுத்தில் கேட்கும் உரிமை தகவல் அறியும் சட்டத்தால் உங்களுக்கு உண்டு. மணலில் மொனசைட் எவ்வளவு, கூடத்தில் தூளின் அளவு எவ்வளவு, யார் அளந்தது, எப்போது என்று கேளுங்கள்.

அம்மாமாரே, அக்காமாரே, உங்களுக்கும் ஒன்று. தூள் படிந்த வேலை உடுப்பு வீட்டுக்குள் வரவே கூடாது. உதறினால் அது பிள்ளையின் மூச்சுக்குள் போகும். உடுப்பு மாற்றவும் குளிக்கவும் வேலையிடத்திலேயே இடம் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள்.

டொக்டர்மாரிடம் ஒரு வேண்டுகோள். இருமலோடு வரும் இளம் வயதுக்காரரிடம் "என்ன வேலை செய்தனீங்கள்?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். பத்து வருடத்துக்கு முந்திய வேலையையும் கேளுங்கள். பதிலைத் துண்டில் எழுதிவிடுங்கள்.

கடல்கட்டி வராமல் இறங்காதவர்கள்

இதையெல்லாம் தனியே ஒருவன் கேட்டால் என்ன நடக்கும்? "நாளைக்கு நீ வரத் தேவையில்லை" என்பார்கள். உண்மைதான். அதனால்தான் எங்கள் கரையின் பழைய கதை ஒன்றை நினைவுபடுத்துகிறேன்.

சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கரையில் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த காலம். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் முத்துக் குளிக்க ஆட்கள் வந்தார்கள். கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி, கடலடிக்கு இறங்குவார்கள். எடுத்துவந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு, மீதி அரசுக்கு. வாந்திபேதி முகாமுக்குள் புகுந்து சலாபம் இடையில் நின்ற வருடங்களும் உண்டு. 1905-இல் பெரும் குளிப்பு நடந்தது. அடுத்த வருடமே லண்டன் கம்பனி ஒன்றுக்கு முத்துப் படுகையை 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். சில வருடங்களில் சிப்பி தீர்ந்தது, கம்பனியும் கலைந்தது. கடலுக்கு அடியில் மூச்சைக் கொடுத்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆனால் அவர்கள் ஒன்றில் விட்டுக்கொடுக்கவில்லை. கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்பவர். அவர் வந்து நில்லாமல் ஒரு குளிகாரனும் இறங்கமாட்டான். அந்த மந்திரத்தில் துளியும் நம்பிக்கையில்லாத ஆங்கில அரசு, தன் செலவிலேயே கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அவர் இல்லாவிட்டால் சலாபமே நடக்காது என்று அதற்குத் தெரியும். ஒருவன் மறுத்திருந்தால் அவனை அடித்துத் துரத்தியிருப்பார்கள். எல்லாரும் சேர்ந்து மறுத்ததால் பேரரசு இறங்கிவந்தது.

இன்று உலகச் சட்டம் அதே உரிமையை வேறு சொல்லில் சொல்கிறது. சர்வதேச தொழில் அமைப்பு 1995-இல் சுரங்கப் பாதுகாப்புக்கென ஒரு சமவாயம் கொண்டுவந்தது. ஆபத்து என்று நியாயமாகத் தோன்றும் இடத்தை விட்டு விலகும் உரிமை, விபத்தை அதிகாரிகளிடம் முறையிடும் உரிமை, பாதுகாப்புப் பிரதிநிதியைத் தொழிலாளரே சேர்ந்து தெரிவுசெய்யும் உரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. எங்கள் முப்பாட்டன்மார் எழுத்தில்லாமல் நடத்திக்காட்டியதைத்தான் அது எழுதிவைத்திருக்கிறது.

ஆகவே ஊருக்கு ஒரு விண்ணப்பம். கடற்றொழிலாளர் சங்கம், கோயில் சபை, பள்ளிவாசல், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம் எல்லாரும் சேர்ந்து ஒரு கட்டுப்பாடு போடுங்கள். மணலோடு சம்பந்தப்பட்ட எந்தத் தாள் ஊருக்குள் வந்தாலும், அது வேலைத் தாளோ காணித் தாளோ, முதலில் ஊர் மண்டபத்தில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். ஒரு சட்டத்தரணியும் ஒரு டொக்டரும் பார்க்க வேண்டும். அதுவரை ஒருவரும் பேனை தொடக் கூடாது. அந்தக் கட்டுப்பாடுதான் இன்றைக்கு எங்கள் கடல்கட்டி.

மோட்டார் சைக்கிள் இன்னும் கரையில்தான் நிற்கிறது. தாள் நீட்டியபடி இருக்கிறது. புள்ளடியைப் பார்க்காதீர்கள் தம்பி. வலையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்று, மரியாதையாகச் சொல்லுங்கள்:

"அண்ணை, தாளைத் தந்திட்டுப் போங்கோ. ஊருக்குக் காட்டிப்போட்டுச் சொல்லுறம்."